ஓர் ஆழாக்கு முந்திரி

கதைப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறோம், கவிதைக்கு எழுதுகிறோம், மேடையே ஏறாத நாடகத்துக்குக்கூட எழுதுகிறோம். வீட்டுக்கு வீடு ஒரு பிரதி இருக்கும் சமையல் நூலுக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதக் காணோம். மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, அட்டை கிழிந்து, தாள் தாளாகக் கழன்ற பிறகும் ஒரு புத்தகம் பழைய பேப்பர்க்காரனிடம் போகாமல் இருக்கிறதென்றால் அதைவிடப் பெரிய வாசக அபிமானம் வேறென்ன? நாவல் எழுதுகிறவர்கள் அதைக் கனவில்தான் காண வேண்டும்.

ஆகையால் இந்தத் தடவை சமையல் நூல்களையே எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் வருகிற எல்லாவற்றையும் பற்றி அல்ல. முந்திரி, நிலக்கடலை, பாதாம் முதலியவற்றின் அளவை எடையாகவும் எடையை அளவாகவும் மாற்றி எழுதும்போது நடக்கிற குளறுபடியைப் பற்றி மட்டும். இது ஒரு விஷயமா என்று வாசகர்கள் புன்னகை செய்ய வேண்டாம். முந்திரி விற்கிற விலையில் அது விஷயந்தான்.

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-ல் வெளிவந்தது. தாயாரிடமும் மாமியாரிடமும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வாய்ப்பில்லாமல் தனிக்குடித்தனம் போய்விட்ட பெண்களுக்கு அந்தப் புத்தகம் ஒரு துணையாக இருந்தது. அதன் பெருமை பட்சணங்களின் எண்ணிக்கையில் இல்லை. 'கொஞ்சம்', 'தேவையான அளவு' என்று கூடியவரை நழுவாமல், இன்ன சாமான் இவ்வளவு என்று எழுதிய நேர்மையில் இருக்கிறது. எழுத்தாளர்களிலும் இப்படி இரண்டு ஜாதி உண்டு. 'அவள் அழகாக இருந்தாள்' என்று எழுதிவிட்டுப் போகிறவர் ஒருவர். என்ன அழகு என்று சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக மனம் வராதவர் மற்றொருவர். மீனாட்சி அம்மாள் இரண்டாவது ஜாதி.

அவர் எழுதிய காலத்து அளவுகள் ஆழாக்கும் பலமும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக எட்டு ஆழாக்கு ஒரு படி. எடையில், மூன்று ரூபாய் எடை ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. இன்றைய கணக்கில் பலம் என்பது 35 கிராம், வீசை ஏறக்குறைய 1,400 கிராம். எடையைப் பற்றிச் சர்க்காருக்கும் நமக்கும் தகராறு இல்லை. 1956-ல் சட்டம் வந்தது, 1958 அக்டோபரில் கிலோவும் கிராமும் கடைகளுக்கு வரத் தொடங்கின, 1962-க்குள் கட்டாயமாகிவிட்டன. வீசைக்கல்லும் பலக்கல்லும் பரணுக்குப் போயின. ஆனால் ஆழாக்கு போகவில்லை. அது தராசில் இல்லை. அரிசிப் பானைக்குள் இருந்தது. அங்கே எந்த இன்ஸ்பெக்டர் கையை விடுவார்?

பழைய நூல்களும் வீட்டுக் கைப்பிரதிகளும் புதிய அளவுக்கு மாற வேண்டி வந்தபோதுதான் வினை தொடங்கிற்று. நான் புரட்டிப் பார்த்த பல சமையல் நூல்களின் முகப்பில் ஒரு அட்டவணை இருக்கிறது. அதில் ஆழாக்குக்கு எதிரே 200 கிராம் என்று ஒரே வரி. எந்தச் சாமானுக்கு என்ற கேள்வியே கிடையாது. 200 மில்லி பிடிக்கிற ஆழாக்கை எடுத்துக்கொண்டால், அதில் 200 கிராம் நிற்கிற வஸ்து ஒன்று உண்டு, அது தண்ணீர். அரிசி போட்டால் 155, 160 கிராம் நிற்கும். நிலக்கடலைப் பருப்பு போட்டால் 120-க்குக் கொஞ்சம் மேல். முழுப் பாதாம் 120. முந்திரி 115 அளவில். பாதியாக உடைத்த அக்ரூட் போட்டால் 85 கிராம்கூட வராது. ஆழாக்கு என்னவோ நிரம்பித்தான் இருக்கிறது. பருப்புக்கும் பருப்புக்கும் இடையில் காற்று உட்கார்ந்திருக்கிறது. நிலக்கடலையில் ஐந்தில் இரண்டு பங்கு ஏறக்குறைய காற்றுதான்.

அட்டவணையை நம்பி 200 கிராம் முந்திரி வாங்குகிறவள் ஆழாக்குக்கு வேண்டியதைவிட முக்கால் பங்கு அதிகமாக வாங்குகிறாள். பர்பி இறுகி வந்தாலும் வராவிட்டாலும் பணம் போனது போனதுதான்.

இந்தத் தவறு எப்படி இத்தனை காலம் நிலைத்தது என்று யோசித்தேன். நம் பாஷைக்கே அதில் ஒரு பங்கு இருக்கிறது. துவரையும் பருப்பு, உளுந்தும் பருப்பு. முந்திரியும் பருப்பு, பாதாமும் பருப்பு. தோலையோ ஓட்டையோ நீக்கினால் உள்ளே இருப்பது பருப்பு என்று ஒரே சொல்லால் அணைத்துக்கொண்டோம். பேச்சுக்கு அது அழகு. அட்டவணை போடுகிறவருக்கு அது ஒரு பள்ளம். 'பருப்பு வகைகள்' என்று ஒரு வரி எழுதி, துவரம் பருப்பை நிறுத்துப் பார்த்த எடையை முந்திரிக்கும் வாதுமைக்கும் தானம் செய்துவிடுகிறார். துவரம் பருப்பு நெருங்கி உட்காரும். முந்திரி பிறை மாதிரி வளைந்த ஜந்து. பக்கத்தில் இன்னொன்றை ஒட்ட விடாது.

பாத்திரமும் தன் பங்குக்கு வஞ்சனை செய்கிறது. அரிசியைப் போல முந்திரி பாத்திரத்தின் ஓரத்துக்குப் பணிவதில்லை. சுவரை ஒட்டி இடைவெளி விட்டே நிற்கும். பாத்திரம் சிறிதாக ஆக அந்த ஓரத்து இடைவெளி மொத்தத்தில் பெரிய பங்காகிவிடும். எட்டு ஆழாக்கு முந்திரியை அளந்து ஒரு படியில் கொட்டிப் பாருங்கள். படியில் கொஞ்சம் தலை குறையும். ஏட்டுக் கணக்குக்கு எட்டு ஆழாக்கு ஒரு படிதான். முந்திரி அந்த வாய்பாட்டைப் படித்ததில்லை. அப்புறம், தலையை வழித்து அளப்பதா, குவித்து அளப்பதா? களத்தில் நெல் அளக்கிறவர் 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குவாரே, அந்த லாபம் குவியலில் இருக்கிறதா வழித்த படியில் இருக்கிறதா என்பதற்காகவே ஊர்ப் பஞ்சாயத்து கூடியிருக்கிறது. சமையல் நூல் மட்டும் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

இதுவரை சொன்னது சாமானின் குற்றம், பாத்திரத்தின் குற்றம். இனிச் சொல்லப்போவது எழுத்தின் குற்றம். விமர்சனம் என்று நான் உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

'பொடித்த பாதாம் ஓர் ஆழாக்கு' என்று ஒரு நூல் எழுதுகிறது. 'ஓர் ஆழாக்கு பாதாமைப் பொடித்து' என்று மற்றொரு நூல் எழுதுகிறது. அவசரமாக வாசிக்கிறவருக்கு இரண்டும் ஒன்று. முதல் வாக்கியத்தில் பொடித்த பிறகு அளக்கிறோம். இரண்டாவதில் அளந்த பிறகு பொடிக்கிறோம். முழுப் பாதாம் ஓர் ஆழாக்கு 120 கிராம். பாதாம் பொடி ஓர் ஆழாக்கு 80 கிராம். பள்ளிக்கூடத்தில் பெயரெச்சம், வினையெச்சம் என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்களே, அந்த இரண்டு எச்சங்களுக்கும் நடுவில் 40 கிராம் பாதாம் காணாமல் போகிறது! இலக்கணத்துக்கு இவ்வளவு காசு மதிப்பு உண்டு என்று எங்கள் தமிழ் வாத்தியார் அன்றே சொல்லியிருந்தால் வகுப்பு இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கும்.

உடைத்தால் எப்போதும் எடை குறையும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அக்ரூட்டில் இது தலைகீழ். பாதிப் பாதியாக இருக்கும்போது ஆழாக்கில் 85 கிராம்கூட நிற்காத அதே அக்ரூட், சின்னத் துண்டாக நறுக்கினால் 99 கிராம் நிற்கும். மேடும் பள்ளமுமான பாதிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் முட்டிக்கொண்டு நிற்கின்றன. துண்டுகள் சந்து பொந்துகளில் புகுந்து நிரப்புகின்றன. பாதாமைச் சீவினாலோ மாவாக்கினாலோ பொறபொறவென்று காற்றைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு பருப்புக்கு ஏறுகிறது, ஒரு பருப்புக்கு இறங்குகிறது. ஆகவே ஒரே பெருக்கல் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு நூல் முழுவதையும் கிராமாக்கிவிடலாம் என்று நினைக்கிற பதிப்பாசிரியர், அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு நாவலை மொழிபெயர்க்க உட்காருகிறவரைப் போன்றவர். சொல்லுக்குச் சொல் கிடைக்கும்; கதை போய்விடும்.

போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சின்னாளப்பட்டியில் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். சுங்குடிக்கும் பட்டுக்கும் பேர்போன ஊர் இது. கைத்தறி ஓய்ந்துபோன வீடுகளும் நிறைய உண்டு. அப்படி ஒரு வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் கடலை உருண்டை பிடித்துக் கொடுத்துப் பிழைக்கிறார். காதுகுத்து, சீர் என்றால் நூறு, இருநூறு என்று சொல்லி வைப்பார்கள். அவருடைய கணக்கு எளியது. வறுத்துப் புடைத்த கடலை இரண்டு படி, தட்டிய வெல்லம் ஒரு படி. படி என்றால் அவர் வீட்டு இரும்புப் படி, வேறெதுவும் இல்லை.

பேத்தி படித்த பெண். அப்பத்தாவின் கைப்பக்குவத்தை நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடுதான் தொடங்கினாள். கடையில் எல்லாம் கிலோவாகிவிட்டதால், அச்சிட்ட நூலின் அட்டவணையைப் பார்த்து, ஆழாக்கு 200 கிராம், ஆக படி 1,600 கிராம் என்று கணக்கிட்டு, கடலை 3,200 கிராம், வெல்லம் 1,600 கிராம் என்று எழுதினாள். அம்மாளுக்கு உடம்பு முடியாத ஒரு வாரத்தில் அந்த நோட்டைப் பார்த்தே ஒரு காதுகுத்துக்கு உருண்டை போட்டாள். பாகு பதம் தப்பவில்லை. ஆனால் உருண்டை பிடிக்கவில்லை. பிடித்தவையும் தட்டில் வைத்தவுடன் உதிர்ந்தன. விடிந்தால் விசேஷம்.

பிறகு ஒரு நாள் அந்த வீட்டுப் படியில் அளந்து அவர்கள் தராசிலேயே நிறுத்துப் பார்த்தோம். ஒரு படி கடலை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு படி வெல்லத்தூள் 1,300 கிராமை ஒட்டி வந்தது. அதாவது, அம்மாளின் இரண்டு படிக்கு ஒரு படி என்பது எடையில் மூன்றுக்கு இரண்டு. நோட்டில் இருந்ததோ இரண்டுக்கு ஒன்று. 3,200 கிராம் கடலைக்கு வேண்டிய வெல்லத்தில் அரைக் கிலோ குறைந்துவிட்டது. பாகு பாவம் என்ன செய்யும்? அது இருக்கிற கடலையைத்தானே கட்டிப்பிடிக்கும்?

கடலைக் காசும் இரண்டு நாள் உழைப்பும் போனதை அந்த வீடு எப்படியோ சமாளித்துக்கொண்டது. அம்மாள் பேத்தியைக் கோபிக்கவும் இல்லை. "படியில அளந்ததைத் தராசுல வச்சா உருண்டை எப்படித் தாயி பிடிக்கும்? நீ எழுதுனது போதும். நான் இருக்கிற மட்டும் நானே அளந்துக்கிறேன்" என்றார். அந்தப் பெண் நோட்டை மூடி வைத்துவிட்டாள். அதில் அதிரசமும் முறுக்கும் இன்னும் எழுதப்படாமலே இருக்கின்றன. ஒரு அட்டவணையின் ஒரு வரி செய்த வேலை இது.

இந்த ஊரில் இது நடந்ததுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஏனென்றால், எடைக்கும் அளவுக்கும் உள்ள உறவைச் சின்னாளப்பட்டிக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பருத்தி நூல் வாங்குகிறவர் 'எத்தனையாம் நம்பர்?' என்று கேட்காமல் பையில் கை வைக்க மாட்டார். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுதான் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் நாற்பது சிட்டம். எண்பதாம் நம்பர் என்றால் எண்பது. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். செயற்கைப் பட்டு வந்த பிறகு டெனியரும் பழகிவிட்டது; அது 9,000 மீட்டர் இழையின் எடையைக் கிராமில் சொல்வது. அதில் நம்பர் ஏறினால் இழை தடிக்கும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு கணக்கையும் தறிக்காரர் ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டே போடுவார். 'ஒரு பவுண்டு நூல் எத்தனை கெஜம்?' என்று அவரிடம் வெறுமனே கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். 'ஓர் ஆழாக்கு பருப்பு எத்தனை கிராம்?' என்ற கேள்வியும் அதே ரகந்தான். அதற்கு மட்டும் நாம் அட்டவணை அச்சடிக்கிறோம்.

முந்திரி வியாபாரமும் இந்தப் பவுண்டுக் கணக்கில்தான் நடக்கிறது. டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் பிரிக்கிறார்களே, அது ஒரு பவுண்டுக்கு அதிகம் போனால் எத்தனை முழுப் பருப்பு என்ற எண். 180-ல் ஒரு பருப்பு இரண்டரை கிராம். 320-ல் ஒன்றரைகூட இல்லை. 'நெய்யில் பத்து முந்திரி வறுத்துப் போடவும்' என்று பாயசத்துக்கு எழுதுகிறார்கள். எந்தப் பத்து? ஒரு பத்து 25 கிராம், மற்றொரு பத்து 14 கிராம். பாயசத்தில் இதனால் குடி முழுகாது என்பது உண்மை. கரண்டியில் முந்திரி தட்டுப்படாத விருந்தாளியின் முகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய படி அளவை நான் பரிகசிக்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதில் ஒரு பெரிய புத்திசாலித்தனம் இருக்கிறது. ஊருக்கு ஊர் படி வேறு. பட்டணம் படி என்றும் சின்னப் படி என்றும் நம் நாட்டில் எத்தனையோ இருந்தன. ஆனாலும் 'கடலை இரண்டு, வெல்லம் ஒன்று' என்ற கணக்கு எந்த ஊருக்குப் போனாலும் தவறாது. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளக்கிறவரை அந்தப் பாத்திரம் படியாக இருந்தாலென்ன, தேங்காய்ச் சிரட்டையாக இருந்தாலென்ன? கெடுதல் வருவது கலப்பில். முந்திரியை ஆழாக்கிலும் சர்க்கரையைப் பலத்திலும் சொல்லும்போது, அந்த ஆழாக்கு எந்த ஊர் ஆழாக்கு என்ற கேள்வி உடனே எழுந்துவிடுகிறது. இன்று புதிதாக எழுதுகிறவர்கள் 'கப்' என்று ஒன்றை வைத்துக்கொண்டு இதே தவறைப் புது மோஸ்தரில் செய்கிறார்கள். அமெரிக்கக் கப் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250. நம் வீட்டுக் கப் என்பது காபி டம்ளருக்கு இட்ட புனைபெயர்.

1896-ல் ஃபான்னி ஃபார்மர் என்ற அம்மையார் பாஸ்டன் நகரத்துச் சமையற் பள்ளிக்காக ஒரு நூல் எழுதினார். அளவு என்றால் தலையை வழித்த அளவு என்று அதில் ஆணித்தரமாகச் சொன்னார். கப்பும் கரண்டியும் வீட்டுக்கு வீடு, கைக்குக் கை மாறிய ஒரு தேசத்துக்கு அது பெரிய உபகாரம். ஆனால் வழித்த கப்பினாலும் பாதாமுக்குள் இருக்கும் காற்றை வழிக்க முடியவில்லை. பருப்பு வகையில் தராசுதான் நியாயம் சொல்லும் என்பது என் அபிப்பிராயம். அரிசிக்கும் ரவைக்கும் ஆழாக்கு இருந்துவிட்டுப் போகட்டும். அவை பாத்திரத்துக்கு அடங்கினவை.

'சமைத்துப் பார்' போன்ற நூல்களை இனி அச்சிடுகிறவர்கள் மூலத்தின் ஆழாக்கை அழிக்க வேண்டாம். ஆசிரியர் எழுதிய சொல்லை அப்படியே விட்டு, அதன் அருகில் எடையைச் சேர்க்கட்டும். அதையும் அட்டவணையைப் பார்த்துச் சேர்க்காமல், அந்தந்தச் சாமானை, அது எந்த நிலையில் சட்டியில் விழுகிறதோ அந்த நிலையில் நிறுத்துப் பார்த்துச் சேர்க்கட்டும். 'முந்திரி, முழுசாக, தலை வழித்து ஓர் ஆழாக்கு, 115 கிராம். நிறுத்த பின் பொடிக்கவும்' என்று ஒரு வரி போதும். அச்சகத்துக்கு அரை அங்குலம் இடம் கூடுதலாகும். முதல் பக்கத்தில் அந்த ஆழாக்கு எத்தனை மில்லி கொள்ளும் என்பதை மட்டும் ஒரு தடவை போட்டுவிட்டால், அட்டவணையைத் தாராளமாகக் கிழித்துவிடலாம்.